தொண்ணூற்றொன்பது மணிகள்

திருகோணமலைப் பேருந்து நிலையத்தில் என்னை முதலில் எதிர்கொண்டது ஒரு புள்ளிமான். இந்நகரில் மான்கள் மாடுகளைப்போல் தெருவில் திரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன், நம்பியதில்லை. பேருந்தை விட்டிறங்கி, துணிப்பையை இருக்கையின்மேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அது பையினுள் தலையை நுழைத்து, இரண்டு வாழைப்பழங்களைத் தோலோடு உண்டு முடித்து, பழுப்பு உறை ஒன்றின் மூலையைச் சுவைக்கத் தொடங்கியிருந்தது. நாற்பதாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் பணிசெய்தவன் நான். தாளுக்குப் பகை தீ, நீர், கறையான், எலி, ஈரக்கை என்று பணிக்குப் புதியவர்க்கெல்லாம் பாடம் சொன்னவன். அந்தப் பட்டியலில் மானைச் சேர்க்காமல் விட்டது என் குறையே.

"உடுங்க ஐயா, அது ஊராள். வந்தாக்களிட்ட வரி எடுக்கிற" என்றார் அருகே நின்ற தானி ஓட்டுநர். அவரே மானின் கழுத்தை மெல்லத் தள்ளி உறையை மீட்டுத் தந்தார். பெயர் பைசல்; நாற்பது அகவை இருக்கும்; கிண்ணியாக்காரர்.

"உப்புவெளியிலுள்ள தங்குவிடுதிக்குச் செல்ல வேண்டும். எவ்வளவு நேரமாகும்?" என்று வினவினேன்.

"ஐயா றேடியோவில செய்தி வாசிச்சவரா?"

"இல்லை."

"அப்ப சரி. புயல் வருது எண்டு சொல்லப்போறீங்களாக்கும் எண்டு பயந்திட்டன்."

உறைக்குள் இருந்தது ஒற்றைத் தாளின் ஒளிப்படி. அமைதிப் பெருங்கடலின் நடுவே, நிலப்படத்தில் மை தெறித்த புள்ளியளவே தெரியும் ஒரு தீவு. உலகப்போரின் இறுதிக் காலத்தில் பிரித்தானியக் கப்பற்படை அங்கே தங்கியிருந்தபோது எழுதப்பெற்ற பதிவேடுகளை அத்தீவின் சிறு காப்பகம் இப்போது ஒழுங்கு செய்துவருகிறது. மருத்துவமனைக் குறிப்புகள், சரக்குப் பட்டியல்கள், இறந்தோர் விவரம். இடையிடையே தமிழ்ப் பெயர்கள் காணப்பட்டமையால், அங்கே பணியாற்றும் என் முன்னாள் மாணவி அப்பக்கங்களை நாகப்பட்டினத்திலுள்ள எனக்கு அனுப்பியிருந்தாள். இறந்தவர் பெயர்களைக் கல்லில் வெட்டப் போகிறார்கள், ஒரு பெயரும் பிழையாகிவிடக் கூடாது, சரிபார்த்துத் தாருங்கள் என்று எழுதியிருந்தாள்.

அப்பெயர்களுள் ஒன்று இராசையா. தந்தை கந்தப்பர், மனைவி சின்னம்மா, ஊர் திருகோணமலை, பாலையூற்று, தொழில் சரக்குக் கப்பலில் சுமையாள், சமயம் இந்து. காய்ச்சல் கண்டு இறந்தார். உடல், அவர் சமய வழக்கப்படி, கடற்கரையில் எரியூட்டப்பட்டது. உடைமைகள்: இடுப்பில் கட்டும் சாரம் இரண்டு, சட்டை ஒன்று, தகரப்பெட்டி ஒன்று, மணிமாலை ஒன்று. மணிகளையும் பதிவேட்டை எழுதியவர் பொறுமையாக எண்ணி வைத்திருந்தார். தொண்ணூற்றொன்பது. என் தமிழாக்கத்தில் அதனை உருத்திராக்க மாலை என்று எழுதினேன். நூற்றெட்டாக இருக்கவேண்டுமே என்ற ஐயம் எழாமலில்லை. மாலை அறுந்து ஒன்பது மணிகள் கடலில் விழுந்திருக்கும் என்று விடையும் நானே சொல்லிக்கொண்டேன்.

அஞ்சலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஓர் இறப்புச் செய்தியை அஞ்சற்பெட்டிக்குள் போட எனக்குக் கை வரவில்லை. எழுபத்தாறாம் அகவையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு கப்பலேறிவிட்டேன்.

விடுதிக்குச் செல்லுமுன் உள்துறைமுகத்தை ஒருமுறை பார்க்க விரும்பினேன். எங்கள் நாகப்பட்டினத்துக் கடல் வெளிப்படையானது. வருவதையும் போவதையும் மறைக்கத் தெரியாதது. இத்துறைமுகமோ மலைகள் மடக்கிய உள்ளங்கைக்குள் ஒளித்து வைத்த நீர். எத்தனை கப்பல்கள் உள்ளே நின்றாலும் வெளிக்கடலில் செல்பவனுக்குத் தெரியாது. கப்பற்படைத் தளத்தின் வாயிலருகே பைசல் தானியை மெதுவாக்கினார், நிறுத்தவில்லை.

"உள்ளுக்குப் போக ஏலா ஐயா. எங்கட மூத்தவாப்பாமார் எல்லாரும் இதுக்குள்ள வேலை செஞ்சாக்கள். நாங்க மதிலப் பார்த்திட்டுப் போற" என்றார். மூத்தவாப்பா என்றால் பாட்டனார்.

அன்று மாலை விடுதியில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் தந்தார்கள். எங்கள் வீட்டில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சருக்கரையும்தான். இங்கே அதே தேங்காய்ப்பால் மஞ்சளும் பச்சைமிளகாயும் எலுமிச்சையும் ஏற்று வேறொன்றாகிவிடுகிறது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டேன். நாளை ஒரு குடும்பத்தின் நெடுங்காலக் காத்திருப்பை முடித்துவைக்கப் போகிறோம் என்ற நிறைவு அப்போது எனக்கு இருந்தது. இன்று நினைத்தால் நாணமாக இருக்கிறது.

மறுநாள் வியாழன். பாலையூற்றை நெருங்குகையில் தானியின் பின்சக்கரம் காற்றிழந்து நின்றது. மாற்றுச் சக்கரம் போன வாரமே காற்றிழந்துவிட்டது என்பதைப் பைசல் அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

"இறங்காதீங்க ஐயா, நீங்க ஒரு பாரமில்ல" என்றார். நான் இறங்கித் தள்ளினேன்.

வழியில் ஒரு மளிகைக் கடையில் கந்தப்பர் மகன் இராசையாவின் வீட்டைக் கேட்டோம். கடைக்காரர் சிறிதும் எண்ணிப் பார்க்கவில்லை. "சைக்கிள் கடைச் செல்வராசாவின்ர தகப்பன். நேர போங்கோ. வேலியில பழைய ரயர் தொங்கும். உங்கட சில்லுக்கும் அங்கதான் ஒட்டுப் போடோணும்."

செல்வராசா எழுபதைக் கடந்தவர். வெற்றுடம்பு, சாரம், முழங்கை வரை மசகு. எங்களை நோக்காமல் சக்கரத்தையே நோக்கினார். "ஒட்டலாம். இருங்கோ" என்று இரண்டு நாற்காலிகளை இழுத்துப்போட்டார். நான் அமரவில்லை. கப்பலிறங்கியது முதல் மனத்துள் உருப்போட்டுவைத்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"ஐயா, நான் நாகப்பட்டினத்திலிருந்து வருகிறேன். தங்கள் தந்தையார் இராசையா அவர்கள் அமைதிப் பெருங்கடலின் தீவொன்றில் காலமான செய்தியை, மிகவும் காலந்தாழ்த்தி, தங்களிடம் ஒப்படைக்க வந்துள்ளேன்."

செல்வராசா பைசலைப் பார்த்தார். "தம்பி, ஐயாவுக்கு முதல்ல ஒரு தண்ணி குடுப்பம். வெயில் பட்டிட்டுது போல."

"நான் சொல்வது மெய். ஆவணம் இருக்கிறது."

"எங்கட அப்பா உந்த அறைக்குள்ள, உந்தக் கட்டிலில கிடந்து செத்தவர் ஐயா. நான்தான் கொள்ளி வச்சனான். சாகிறதுக்கு முதல் நாளும் பாயாசத்துக்கு இனிப்புக் காணாது எண்டு அம்மாவோட சண்டை."

"பேப்பரில ஒருக்கா, கட்டிலில ஒருக்கா" என்றார் பைசல். "மனிசன் ரெண்டு தரம் மௌத்தாகியிருக்கிற."

ஆவணம் பிழைபடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். தந்தை பெயர், மனைவி பெயர், ஊர் மூன்றையும் படித்தேன். மூன்றும் சரி என்று செல்வராசாவே ஒப்புக்கொண்டார். "எல்லாம் சரிதான். ஆள்தான் பிழை" என்று கூறிச் சிரித்தார். நான் மேற்கொண்டு படித்தேன். காய்ச்சல், எரியூட்டல், சாரம் இரண்டு, சட்டை ஒன்று, தகரப்பெட்டி ஒன்று, உருத்திராக்க மாலை ஒன்று, மணிகள் தொண்ணூற்றொன்பது.

சிரிப்பு நின்றது. அவர் கையிலிருந்த இரப்பர்த் துண்டைக் கீழே வைத்தார். "உருத்திராக்கம் எண்டு அதில கிடக்கோ?"

மூலத்தை மீண்டும் பார்த்தேன். "மணிமாலை என்றுதான் உள்ளது. உருத்திராக்கம் என்பது என் விளக்கம்."

பைசல் என் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தொம்பது எண்டா ஐயா, அது தஸ்பீஹ். அல்லாஹ்ட தொண்ணூத்தொம்பது பேரையும் சொல்லி எண்ணுற மணி."

நாகூர்க் கடைத்தெரு வழியே பள்ளிக்கு நடந்தவன் நான். அந்த மாலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கடைகளுக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றவன். பதிவேட்டில் இந்து என்னும் சொல்லை முதலில் படித்துவிட்டு, எஞ்சிய சொற்களையெல்லாம் அதற்கேற்பப் படித்திருக்கிறேன்.

செல்வராசா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அலுமாரி திறக்கும் ஓசை கேட்டது. பொலித்தீன் உறையில் மடித்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். சின்னம்மாவுக்கு அவர் கணவர் இராசையா கடல்கடந்த பணியில் இறந்ததை வருத்தத்துடன் அறிவிக்கும் அலுவல்முறைக் கடிதம். நான் எழுபத்தாறு அகவையில் கடல் கடந்து கொண்டுவந்த செய்தி, என் பிறப்புக்கு முன்பே இவ்வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அது வரேக்க அப்பா வீட்டு முத்தத்தில விறகு கொத்திக்கொண்டு நிண்டவராம்" என்றார் செல்வராசா. "அம்மா சொன்னவ. அப்பா இருக்கும்வரைக்கும் எங்களுக்கு ஒண்டும் தெரியாது."

பிறகு அவர் சொன்னதை அவர் சொல்லாலேயே எழுதுகிறேன்.

"டொக்யாட்டில, உந்தக் கப்பல் தளத்தில, வேலைக்குப் போறவைக்குப் பித்தளையில ஒரு வில்லை. அதில நம்பர். வாசலில நிக்கிறவன் நம்பரைத்தான் பாப்பான், மூஞ்சையைப் பாக்கமாட்டான். மூண்டு நாள் போகாட்டி வில்லையை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்கள். அதால, ஏலாத நாளில ஆரையாவது தன்ர வில்லையோட அனுப்பிறது. எல்லாரும் செய்தவைதான். அப்பாவுக்குக் காய்ச்சல். உதுமாலெவ்வை எண்டு கிண்ணியா ஆள், அப்பாவின்ர கூட்டாளி. 'ஒரு நாளைக்குத்தானே, கொண்டா' எண்டு வாங்கிக்கொண்டு போனவர். அண்டைக்கெண்டு கப்பலுக்கு ஆள் எடுத்தவங்கள். நம்பரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏத்தினது. பின்னேரமே கப்பல் வெளிக்கிட்டிட்டுது."

"தான் இராசையா அல்லன் என்று அவர் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அப்பாவைப் பிடிச்சு உள்ள போட்டிருப்பாங்கள். அவர் சொல்லேல்ல."

உள்ளிருந்து செல்வராசாவின் மனைவி இஞ்சித் தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடிக்க மறந்தோம்; ஆறிப்போனது.

"கடிதம் வந்தவுடன கிண்ணியாவுக்குப் போய்ச் சொல்லத்தான் அப்பா வெளிக்கிட்டவர். அங்க உதுமாலெவ்வையின்ர மனிசி கைப்பிள்ளையோட படலையில நிண்டவவாம். 'இராசையா அண்ணன், கப்பல் எங்க நிக்குதாம்?' எண்டு கேட்டவவாம். அப்பா 'தூரத்தில நிக்குது' எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டார். பிறகு ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு வாழைக்குலையோட போவார். சொல்லத்தான் போறது. குலையைக் குடுத்திட்டு வாறது. சாகுமட்டும் அப்பிடித்தான்."

"தாங்கள்?"

"அப்பா செத்து இருவது வருசம். அம்மா எனக்குச் சொல்லி பதினெட்டு வருசம். நான் குலையும் கொண்டு போகேல்ல." அவர் என் தாளைச் சுட்டினார். "நீங்கள் உதோட வராட்டி நானும் சொல்லாமத்தான் போயிருப்பன்."

பைசல் மெல்லச் சொன்னார்: "அந்தக் கைப்புள்ள ஆமினா பெரியம்மா. எங்கட தெருவுக்கு அடுத்த தெரு. எண்பது வயசு. அவட உம்மா மௌத்தாகும்வரைக்கும் இத்தா இருக்கல்ல. புருசன் இருக்கானா இல்லையா எண்டு தெரியாம எப்படி இத்தா இருக்கிற? பள்ளியில தொழுகையும் வைக்கல்ல." கணவனை இழந்த பெண் குறித்த காலம் வீட்டினுள் தனித்திருக்கும் துயர்க்காலமே இத்தா. உடல் எங்கோ கிடப்பினும் இறந்தவர்க்காக ஊரில் கூடித் தொழும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. இரண்டும் அக்குடும்பத்தில் நிகழவில்லை, யாரும் ஒரு சொல் சொல்லாமையால்.

பைசலின் விரல் தாளின் ஒரு வரியில் நின்றது. எரியூட்டப்பட்டது என்னும் வரி.

"ஐயா, அவட புருசன கொரோனா நேரம் அரசாங்கம் எரிச்சது. மையத்த அடக்கத் தரல்ல. அதச் சொல்லி இன்னும் அழுற மனிசி. இப்ப வாப்பாவையும் எரிச்சது எண்டு போய்ச் சொல்லவா?"

தாளை மடித்து உறையிலிட்டேன்; மறுநாள் மூவரும் கிண்ணியாவுக்குச் செல்வது என்று மட்டும் முடிவாயிற்று. சக்கரம் ஒட்டப்பட்டது, நாங்கள் திரும்பினோம்.

அன்று பிற்பகல் உப்புவெளியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே சென்றேன். நிலாவெளிப் பெருவழியின் ஓரத்திலேயே இருக்கிறது. புல் சீராக வெட்டப்பட்டிருந்தது. எங்கெங்கோ பிறந்து இத்துறைமுகத்தில் இறந்தவர்களுக்கு வரிசை வரிசையாகக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், பணி, அகவை. சிலவற்றில் தாய்தந்தையர் எழுதச் சொன்ன ஒரு வரி. பெயர் அறியப்படாதவர்க்கும் கல் உண்டு. அறியப்படவில்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். பராமரிக்கும் ஊழியர் ஒருவர் குழாய் நீரைக் கற்களின்மேல் படாமல் புல்லுக்கு மட்டும் பாய்ச்சிக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். இங்கே இல்லாதவரை என்றேன். "அப்ப ஆறுதலாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

காப்பகத்தில் நான் தலைமை ஏற்றிருந்த நாளில், படியெடுப்போர் ஒரு வரியை விட்டுவிட்டால் முழுப் பக்கத்தையும் மீண்டும் எழுதச் சொல்வேன். விடுபட்ட வரி சிறியதாயினும் அது பொய்யே என்பேன். மறுநாட் காலை விடுதியின் மேசையில் அமர்ந்து, ஆமினா அம்மையார்க்குப் படித்துக் காட்டுவதற்காக அத்தாளைத் தமிழில் புதிதாக எழுதினேன். மணிமாலையை மணிமாலை என்றே எழுதினேன். எரியூட்டிய வரி வந்ததும் எழுதுகோலை எடுத்துவிட்டேன். வாழ்நாளில் முதன்முறையாக ஓர் ஆவணத்தில் நானே ஒரு வரியை விட்டேன்.

வெள்ளி முற்பகல். செல்வராசா வெள்ளைச் சட்டை அணிந்து வேலியோரம் காத்திருந்தார். கையில் ஒரு வாழைக்குலை. தானிக்குள் அதற்கும் இடம் செய்து, என் முழங்காலில் ஒரு சீப்பு இடிக்கப் பயணித்தோம். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் காற்று குலையின் இலைச்சருகைப் படபடக்கச் செய்தது. பாலம் வருமுன் இங்கே நீரைத் தோணியில்தான் கடந்தார்களாம். இராசையா ஒவ்வோராண்டும் இந்நீரின்மேல் குலையோடு அமர்ந்து, இன்று சொல்லிவிடலாம் என்று எண்ணியிருப்பார்.

வேலிவாயிலான படலையில் ஆமினா அம்மையாரின் மகள் நசீரா நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை. பைசல் எல்லாவற்றையும் முந்திய நாளே சொல்லியிருந்தார்.

"சேர், உம்மாவுக்கு மூத்தவாப்பா மௌத்து எண்டு மட்டும் சொல்லியிரிக்கம். மத்த வரியைப் படிக்க வேணாம். அவவுக்கு ஏலா."

"அவ்வரியை நான் எழுதவேயில்லை, அம்மா" என்றேன்.

ஆமினா அம்மையார் முன்னறையில் நாற்காலியில் நேராக அமர்ந்திருந்தார். மெலிந்த உடல், வெள்ளை முக்காடு. எங்களைப் பார்க்குமுன் குலையைப் பார்த்தார்.

"வாழக்குல மாமாட மகனா நீங்க?"

"ஓம் உம்மா."

"அதே நடை. படலைக்குள்ள வரக்குள்ள ஒரு பக்கம் சரிஞ்சு வாற." அவர் என்னை நோக்கித் தலையசைத்தார். "படிங்க ஐயா."

படித்தேன். பெயர் வரும் இடத்தில் இராசையா என்னும் பெயரில் பயணம் செய்த உதுமாலெவ்வை என்று படித்தேன். காய்ச்சலையும் உடைமைகளையும் படித்தேன். மணிகளின் எண்ணிக்கையைக் கேட்டதும் அவர் கைவிரல்கள் மடியில் ஒன்றையொன்று தேடின. "எங்கட உம்மா கோத்துக் குடுத்த" என்றார். நான் தாளை மடித்தேன்.

"அடக்கினதா, எரிச்சதா?"

நசீரா சுவரைப் பார்த்தார். என் கையிலிருந்த தாள் முழுமையற்றது. அதை அவரும் நானும் அறிவோம். "அத்தீவின் கடற்கரையில் அவரது இறுதி..." என்று தொடங்கினேன். அகராதி முழுவதும் கைகொடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை.

செல்வராசா கீழே நோக்கியபடி சொன்னார்: "எரிச்சவங்கள், உம்மா. எங்கட அப்பாவின்ர பேரில இருந்தவர்தானே. அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி எரிச்சுப்போட்டாங்கள். மறைச்சது காணும். எங்கட அப்பா மறைச்சார், நான் மறைச்சன். இனி ஏலாது."

நசீரா அழத் தொடங்கினார். ஆமினா அம்மையார் அழவில்லை.

"என்னத்துக்குப் புள்ள அழுற? நெருப்பப் பத்தி அல்லாஹ்விட்ட எல்லாம் கதைச்சு முடிச்சிட்டன், உன்ட வாப்பாவ எரிச்ச அண்டைக்கே. சாம்பலையும் கூட்டி எடுக்க அவனுக்குத் தெரியும்." பிறகு செல்வராசாவிடம் திரும்பினார். "உங்கட வாப்பா நல்ல மனிசன். எனக்கு நல்லா நினைவிரிக்கி. 'மாமா, வாப்பா எப்ப வருவாரு' எண்டு ஒவ்வொரு நோன்புக்கும் நான் கேக்கிற. தூரத்தில நிக்கிது மகள் எண்டு சொல்ற. ஒரு சொல்லு சொல்லியிருந்தா எங்கட உம்மா இத்தா இருந்திருப்பா. எண்பது வயசிலயும் படலைச் சத்தம் கேட்டா எழும்பி இருந்த மனிசி அவ."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ உம்மா."

"அதுக்கு எனக்குக் கொஞ்சம் நாள் வேணும், மகன்" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை, உள்ளதைச் சொன்னார். நசீராவைப் பார்த்துக் குலையை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.

பின் என்னிடம் கேட்டார். "ஐயா, எவ்வளவு காலம் அந்தக் கப்பல்ல இருந்தவரு?"

"பதிவேட்டின்படி ஏழு திங்கள்."

"ஏழு மாசமும் அவர என்ன பேர் சொல்லிக் கூப்பிட்ட?"

"இராசையா என்று."

"காய்ச்சல்ல கிடக்கக்குள்ளயும்?"

"ஆம்."

"எரிக்கக்குள்ளயும்?"

நான் தலையசைத்தேன்.

"அப்ப ஒருத்தரும் பக்கத்தில இருந்து உதுமாலெவ்வை எண்டு ஒருக்காவும் சொல்லல்லையா?"

ஒரே ஒரு விடைதான் எனக்குத் தெரியும். "அது ஆவணத்தில் இல்லை, அம்மா."

அப்போதுதான் அவர் அழுதார். ஓசையின்றி, முக்காட்டின் முனையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நெருப்புக்கு அழாதவர், பெயருக்காக அழுதார். தீவினர் கல் வெட்டவிருப்பதைச் சொன்னேன்; இராசையா என்னும் பெயர் நீங்கி அவர் தந்தையின் பெயர் அங்கே பொறிக்கப்படும், அதற்கான கடிதத்தை இன்றே எழுதுவேன் என்று உறுதி கூறினேன். கேட்டுக்கொண்டார்.

"கல்லு நல்லம். கல்லு அங்க இருக்கட்டும். அவர இஞ்சதானே ஆக்களுக்குத் தெரியும்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பைசல், பள்ளிக்குப் போ. ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பாவுக்குத் தொழுகை வைக்கச் சொல்லு. இப்ப ஸ்பீக்கர்ல அறிவிக்கவும் சொல்லு. மத்த மௌத்துக்கெல்லாம் எப்படிச் சொல்ற, அப்பிடிச் சொல்லோணும். முழுப்பேரும். ஆர்ட மகன், ஆர்ட மாப்பிள்ளை, ஆர்ட வாப்பா எண்டு எல்லாம். ஒண்டும் விடப்படாது."

பைசல் ஓடினார். நசீரா எங்களுக்குச் சட்டியில் எருமைத் தயிரும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். துயர வீட்டில் உண்பதா என்று தயங்கினேன். "சாப்பிடுங்க ஐயா, தூரத்தில இருந்து வந்த" என்றார் ஆமினா அம்மையார். உண்டேன். எங்களூர்த் தயிரைவிடக் கெட்டி, லேசான புகைமணம். செல்வராசா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

நெடுநேரம் ஆகவில்லை. தெருமுனைப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் அரபு வாசகம். பிறகு ஓர் ஆண்குரல், நிறுத்தி நிறுத்தி, ஊருக்கெல்லாம் பொதுவான அந்த இறப்பு அறிவிப்புத் தொனியில்:

"ஜனாஸா அறிவித்தல். மர்ஹூம் மீராசாகிபு அவர்களின் மகனும், மர்ஹூமா கதீசா உம்மாவின் கணவரும், ஆமினா உம்மாவின் தகப்பனாரும், நசீரா ஆசிரியையின் மூத்தவாப்பாவுமான உதுமாலெவ்வை அவர்கள் வபாத்தானார்கள்."

இருமுறை சொன்னார்கள். இரண்டாம் முறை பெயர் வந்தபோது ஆமினா அம்மையாரின் உதடுகள் கூடவே அசைந்தன. எதிர்வீட்டில் வானொலி நின்றது. தெருவில் மிதிவண்டியில் போன ஒருவர் இறங்கி நின்றார். வேலிக்கு அப்பாலிருந்து ஈரக்கையோடு அண்டைவீட்டுப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். மாவு ஒட்டிய கையை வேலியில் ஊன்றிக்கொண்டாள்.

"ராத்தா, உங்கட வாப்பாவா? எப்ப?"

நாளும் மாதமும் ஆண்டும் என் மடியிலிருந்த தாளில் இருந்தன. பழக்கத்தால் அதை விரித்துச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் ஆமினா அம்மையார் வேலிப்பக்கம் திரும்பி, "இப்பத்தான், புள்ள" என்றார்.